சொட்டும் குழாயின் எதிரே

ஒருவர் என்னிடம் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு 5 நாள் பயணம். 11 வயதில் ஒரு பெண், 6 வயதில் ஒரு பையன், முழங்கால் வலியுள்ள மாமியார், கணவன் மனைவி என ஐந்து பேர். யாருக்கும் பறவை பார்த்த பழக்கம் இல்லை. சென்ற ஆண்டு காட்டுக்குள் ஜீப்பில் 3 மணி நேரம் சுற்றியும் தூசியைத் தவிர வேறெதையும் பார்க்காமல் திரும்பினார்களாம். இந்த முறை எப்போது, எங்கே, என்ன கருவியோடு போனால் ஏதாவது கண்ணில் படும்? பெண்ணுக்கு எப்படியாவது ஓர் ஆந்தையைப் பார்த்துவிட வேண்டுமாம்.

30 ஆண்டுகளாகப் பறவை பார்க்கிறேன். அதில் பெரும்பகுதி குடும்பத்தோடுதான். ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால், அலைவதைக் குறையுங்கள் என்பேன். கோடையில் எதையும் துரத்திப் பார்க்க முடியாது. வெயில் ஏறியதும் எல்லா உயிரும் நிழலுக்குள் ஒடுங்கிவிடும். ஆனால் ஒடுங்கியதில் பெரும்பாலானவை எப்படியும் தண்ணீருக்கு வந்தாக வேண்டும். அவை வருவதற்கு முன்பே நீங்கள் அங்கே போய் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அனுபவம்கூடத் தேவையில்லை. முழங்கால் வலியை ஓர் இடையூறாக எண்ணிக் கேட்டிருக்கிறீர்கள். இந்த முறையில் உங்கள் மாமியார்தான் குழுவிலேயே அதிகம் பார்க்கப் போகிறவர்.

எனக்கு இது உறைத்தது பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது. 4 நாளில் 6 இடம் என்று அட்டவணை போட்டு அழைத்துப் போயிருந்தேன். இரண்டாம் நாள் நண்பகலிலேயே சின்னவனுக்கு வெயில் தாங்காமல் தலைவலியும் வாந்தியும் வந்துவிட்டன. தவறு முழுக்க என்னுடையது. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மூன்றாம் நாள் அறையைவிட்டு யாரும் நகரவில்லை. தங்கியிருந்த வீட்டின் பின்புறம் ஒரு தோட்டக் குழாய் ஓயாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் கையகலத்துக்கு ஈரம், ஒரு சிறு பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர். ஜன்னலோரம் படுத்திருந்த சின்னவன் மெல்லிய குரலில் கூப்பிட்டான். முதலில் ஒரு புறா, பிறகு குருவிகள், பிறகு பெயர் தெரியாத ஒரு பச்சைக் குருவி. 2 மணி நேரத்தில் 17 வகைப் பறவைகளும் ஒரு கீரியும் அந்தக் கையகல ஈரத்துக்கு வந்துபோயின. முந்தைய இரண்டு நாளில் ஓடி ஓடிப் பார்த்ததைவிட அது அதிகம்.

அன்றிலிருந்து எங்கே போனாலும் நான் முதலில் தேடுவது சொட்டுகிற தண்ணீரைத்தான். பெரிய ஏரியைவிடச் சின்னக் கசிவு நல்லது. ஏரியில் பறவை எந்தக் கரையிலும் குடிக்கலாம். கசிவில் அது உங்கள் எதிரே வந்துதான் தீர வேண்டும். பாறை இடுக்கில் ஊறும் நீர், தொட்டி வழியும் இடம், வற்றிக்கொண்டிருக்கும் ஓடையின் கடைசிக் குட்டை, இவற்றில் ஏதாவது ஒன்று நீங்கள் தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். எதுவும் இல்லையென்றால் அங்கிருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு, மரநிழலில் ஓர் அகலமான தட்டில் 2, 3 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நடுவே ஒரு கரடுமுரடான கல்லை வையுங்கள். பூனை பதுங்கப் புதர் இல்லாத, ஆனால் பறவை தப்பிப் போக ஒரு கிளை அருகில் உள்ள இடமாக இருக்கட்டும். முதல் நாளே வைத்துவிட்டால் மூன்றாம் நாளுக்குள் பெரும்பாலும் வாடிக்கையாளர்கள் வந்துவிடுவார்கள். தண்ணீரை நாள்தோறும் மாற்ற வேண்டும்.

தண்ணீருக்கு வருகிறவற்றைப் பார்ப்பது ஒரு தனிப் பாடம். தானியம் தின்னும் பறவைகளுக்கு உணவில் ஈரம் மிகக் குறைவு என்பதால் புறாக்களும் சில்லைகளும் நாள்தோறும் வந்து குடிக்கும். பூச்சி தின்னிகளுக்கு இரையிலேயே ஈரம் இருக்கிறது. அவை பெரும்பாலும் குளிக்கத்தான் வரும். பையனிடம் ஒரு வேலை கொடுங்கள். யார் தலையைத் தூக்கித் தூக்கிக் குடிக்கிறார்கள், யார் தலை நிமிராமல் குடிக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பறவைகள் அலகில் ஒரு வாய் நீரை அள்ளி, தலையை உயர்த்தித் தொண்டைக்குள் வழியவிடும். புறாக்களோ அலகை நீரில் வைத்தபடியே உறிஞ்சிக் குடிக்கும். இந்த வேறுபாட்டைத் தானே கண்டுபிடித்த 6 வயதுக் குழந்தை அதற்குப் பிறகு உங்களை எழுப்பிக் கூட்டிப் போகும்.

வெயிலைப் பறவைகள் எப்படிச் சமாளிக்கின்றன என்று தெரிந்துகொண்டால் எதைப் பார்த்தாலும் அதில் ஒரு கதை இருக்கும். பெரும்பாலான பறவைகளின் உடல் வெப்பம் 40 முதல் 42 டிகிரி செல்சியஸ். அவற்றுக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. வாயைத் திறந்து இரைப்பதும், சிறகுகளை உடலிலிருந்து சற்றே விலக்கிப் பிடிப்பதும் அவை வெப்பத்தை வெளியேற்றும் வழிகள். நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் தொண்டைத் தோலைப் படபடவென்று அதிரவிட்டு ஈரத்தை ஆவியாக்கும். பைனாகுலரில் அந்த அதிர்வு தெளிவாகத் தெரியும். சில நாரைகளின் கால்கள் கோடையில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கும். அவை தம் கால்கள் மேலேயே எச்சமிட்டுக்கொள்கின்றன. அந்த ஈரம் ஆவியாகும்போது காலில் ஓடும் இரத்தம் குளிர்கிறது. வறண்ட வெளிகளில் வாழும் கல்கௌதாரியின் ஆண், நீர்நிலையில் வயிற்று இறகுகளை ஊறவைத்துக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் பறந்து போய்க் குஞ்சுகளுக்குத் தண்ணீர் தருகிறது. அந்த இறகுகளின் நுண்ணமைப்பு நீரைப் பஞ்சுபோல் பிடித்துக்கொள்கிறது.

இனி நேரம். சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பு நீங்கள் உட்கார்ந்தாகிவிட வேண்டும். புறப்பட வேண்டிய நேரம் அதற்கும் முன்பு. விடியலிலிருந்து முதல் இரண்டரை மணி நேரம்தான் கோடை நாளின் உயிர். பறவைகள் பாடுவதும், குஞ்சுகளுக்கு இரை தேடி ஓடுவதும், விலங்குகள் மேய்ச்சலிலிருந்து நிழலுக்குத் திரும்புவதும் இந்த நேரத்தில்தான். பிள்ளைகளை விடியலில் எழுப்புவது பாவம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். முந்தைய இரவு சீக்கிரம் படுக்கவைத்து, நண்பகலில் நன்றாகத் தூங்கவிட்டால் அவர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. 5 நாளும் எழுப்ப வேண்டாம். 3 விடியல் போதும். அந்த 3 விடியலும் ஒரே இடத்தில் இருக்கட்டும். முதல் நாள் எல்லாம் அந்நியமாகத் தெரியும். இரண்டாம் நாள், அந்தக் காய்ந்த கிளையில் உட்காருகிறதே, அதே மீன்கொத்தி என்று பையனே சொல்லிவிடுவான். மூன்றாம் நாள் அது எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரிந்திருக்கும். நாளுக்கு ஓர் இடம் போனால் ஒவ்வொரு நாளும் முதல் நாளாகவே முடிந்துவிடும்.

காலை 10 மணிக்குப் பிறகு மாலை 4 வரை வெளியே இருக்க வேண்டாம். பார்க்க ஒன்றுமில்லை என்பதால் சொல்லவில்லை. குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறுவார்கள், மூத்தவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது. நிறுத்திய காருக்குள் யாரையும் ஒரு நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள். இந்த விஷயத்தில் நான் பட்டவன், அதனால் கடுமையாகவே சொல்கிறேன்.

ஆனால் நிழலில் உட்கார்ந்தபடி நண்பகலில் பார்க்கக் கூடியவை இரண்டு உண்டு. ஒன்று, வானம். தரை சூடேறிக் காற்று மேலே எழும்பும்போது பருந்துகளும் கழுகுகளும் நாரைகளும் கூழைக்கடாக்களும் சிறகடிக்காமல் அதில் ஏறிச் சுழலும். காலை 9, 10 மணிவரை காய்ந்த மரத்தில் சோம்பி உட்கார்ந்திருந்த பருந்து திடீரென்று எழுவது இதற்காகத்தான். இன்னொன்று, தும்பிகளும் பட்டாம்பூச்சிகளும். வெயில் உச்சிக்கு வரும்போது சில தும்பிகள் வயிற்றை நேராகச் சூரியனை நோக்கித் தூக்கி, தலைகீழாய் நிற்பதுபோல் உட்காரும். உடம்பில் வெயில் படும் பரப்பு அதனால் குறைகிறது. ஈர மணலில் கூட்டமாக இறங்கி உறிஞ்சும் பட்டாம்பூச்சிகள் பெரும்பாலும் ஆண்கள். அவற்றுக்கு வேண்டியது மண்ணிலுள்ள உப்பு. பறவை கிடைக்காத வேளையில் பிள்ளைகளுக்கு இவை பேருதவி.

உட்காருவதிலும் ஒரு முறை இருக்கிறது. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான். ஆகவே காலையில் மேற்குப் பார்த்தும் மாலையில் கிழக்குப் பார்த்தும் உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு மரமோ புதரோ சுவரோ இருந்தால் உங்கள் உருவம் வானத்தின் பின்னணியில் துருத்திக்கொண்டு தெரியாது. உடையின் நிறத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். பளிச்சென்ற வெள்ளையைத் தவிர்த்தால் போதும். நிறத்தைவிட அசைவுதான் காட்டிக்கொடுக்கும். கையை நீட்டிச் சுட்டிக்காட்டுவதை முதலில் நிறுத்துங்கள். பறவையை நோக்கி நீளும் ஒரு கை அதற்கு வரப்போகும் ஆபத்து. மாறாக, எதிரே உள்ள பெரிய மரத்தைக் கடிகார முகமாக எண்ணி, 10 மணி திசையில், உள்பக்கக் கிளையில் என்று மெல்லச் சொல்லப் பழகுங்கள். உங்கள் பெண்ணுக்கு இது விளையாட்டுபோல வந்துவிடும். கிசுகிசுப்பதைவிடத் தாழ்ந்த குரலில் பேசுவது நல்லது; கிசுகிசுப்பில் உள்ள சீறல் ஒலி தூரம் போகும்.

6 வயதுக் குழந்தை எவ்வளவு நேரம் உட்காரும்? 20 நிமிடம். அதற்குமேல் எதிர்பார்ப்பது அநியாயம். 20 நிமிடம் ஆனதும் பெற்றோரில் ஒருவர் அவனைப் பின்பக்கமாக அழைத்துப் போய்க் கால்தடம், இறகு, பாதி தின்ற காய், எறும்புப் புற்று என்று தேடவிடுங்கள். மற்றவர்கள் உட்கார்ந்தே இருக்கட்டும். கால் மணி கழித்து அவன் திரும்பி வந்து என்ன வந்தது என்று கேட்பான். அப்போது சொல்வதற்குப் பாட்டியிடம் ஒரு செய்தி இருக்கும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: வயது ஏற ஏற மிக மெல்லிய, உச்ச ஒலிகள் காதில் விழாமல் போகும். சில சிறு குருவிகளின் கீச்சொலி எனக்கே இப்போது கேட்பதில்லை. உங்கள் பிள்ளைகளுக்குக் கேட்கும். ஆகவே காது பிள்ளைகளுடையது, பொறுமை பாட்டியுடையது என்று பிரித்துக்கொடுங்கள்.

கருவி என்று பார்த்தால் ஒரு பைனாகுலர் போதும், ஆனால் சரியானதாக இருக்க வேண்டும். அதன் மேல் 8x42 என்பதுபோல் எழுதியிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42ஐ 8ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5 வருகிறது. கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. விடியலின் அரையிருளில் இந்த அகலம்தான் காட்சியைத் துலக்கும். 10x25 என்று சட்டைப் பைக்குள் அடங்குகிற ஒன்றை வாங்கினால் இதே கணக்கில் 2.5தான் வரும், பகலில் தெரியும், விடியலில் மங்கும். அதோடு, மடங்கு கூடினால் கையின் நடுக்கமும் கூடும், பார்வைப் பரப்பு குறையும். முதல்முறை வாங்குகிறவர்கள் 12, 16 என்று பெரிய எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். 8 மடங்குக்கு மேல் உங்களுக்கு வேண்டாம். கழுத்து வலி உள்ளவர்களுக்கு 8x32 எடை குறைவு.

பையனின் கண்களுக்கு இடையிலான தூரம் குறைவு என்பதால் பெரியவர்களின் பைனாகுலரை எவ்வளவு மடக்கினாலும் அவனுக்கு இரண்டு வட்டங்களாகவே தெரியலாம். தெரிகிறதா என்று கேட்டால் உங்களை மகிழ்விக்கத் தெரிகிறது என்றே சொல்வான். சிறுவர்களுக்கென்று 6 மடங்கு, 30 மில்லிமீட்டர் அளவில் வருபவை உண்டு. விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் பைனாகுலர் வேண்டாம், அதில் எதுவும் தெரியாமல் குழந்தை இந்தப் பக்கமே வராமல் போய்விடும். எது கிடைத்தாலும் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் பழக்குங்கள். பறவையின் மீது வைத்த கண்ணை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். எல்லாரும் முதலில் குனிந்து கருவியைப் பார்த்துவிட்டுப் பிறகு பறவையைத் தேடுகிறார்கள். அதற்குள் அது போய்விடுகிறது. வலது கண்ணருகே ஒரு சிறு வளையம் இருக்கும். முதலில் இடது கண்ணால் மட்டும் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்கிக்கொண்டு, பிறகு வலது கண்ணால் பார்த்து அந்த வளையத்தைத் திருப்புங்கள். இதை ஒருமுறை செய்யாததால்தான் பலருக்கு நல்ல கருவியிலும் காட்சி மங்குகிறது. மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் கண்ணை ஒட்டும் ரப்பர் விளிம்பை உள்ளே அழுத்திவிட வேண்டும். சூரியன் பக்கம் மட்டும் அதைத் திருப்பவே கூடாது, பார்வை போய்விடும். பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

பெயர் கண்டுபிடிக்க அவசரப்படாதீர்கள். உலகில் ஏறக்குறைய 11,000 பறவையினங்கள் இருக்கின்றன. 5 நாளில் 30ஐ நன்றாகப் பார்த்தால் அது பெரிய செல்வம். முதலில் அளவு: சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா? பிறகு அலகு: தடித்ததா, ஊசியா, கொக்கியா? பிறகு என்ன செய்துகொண்டிருந்தது? வால் ஆடிக்கொண்டே இருந்ததா, மரத்தண்டில் செங்குத்தாக ஏறியதா, கம்பியிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்து அதே இடத்துக்குத் திரும்பியதா? நிறம் கடைசி. வெளிச்சம் நிறத்தை மாற்றிக் காட்டும், நடத்தை மாறாது. பறந்தபடியே பூச்சி பிடிக்கும் சிறு பறவைகளான தகைவிலானும் உழவாரனும் ஒரே வானத்தில் பறந்து குழப்பும். கம்பியில் வந்து உட்கார்ந்தால் தகைவிலான். உழவாரனின் குட்டிக் கால்களால் கம்பியில் உட்கார முடியாது. ஐரோப்பாவில் கூடுகட்டும் உழவாரன்களில் சில, ஆண்டில் 10 மாதம் தரையையோ கூட்டையோ தொடாமல் காற்றிலேயே கழிப்பதை ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். உண்பது பறந்தபடியேதான், உறங்குவதும் அப்படியே என்று கருதப்படுகிறது.

ஒரு சிறு நோட்டும் பென்சிலும் பெண்ணிடம் கொடுங்கள். படம் அழகாக வர வேண்டியதில்லை. ஒரு முட்டை வடிவம், அதில் எங்கே வெள்ளைப் பட்டை, கால் என்ன நிறம் என்று அம்புக்குறி போட்டால் போதும். வரைவதற்காகப் பார்க்கும் கண் சும்மா பார்க்கும் கண்ணைவிடக் கூர்மையானது. கைப்பேசியில் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியை வைத்துக்கொள்ளலாம். போகும் பகுதிக்கான தொகுப்பை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். காட்டில் சிக்னல் இருக்காது. குரலைக் கேட்டு அது சொல்லும் பெயரை ஒரு துப்பாக எடுத்துக்கொண்டு, கண்ணால் பார்த்த பிறகே நோட்டில் எழுதுங்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் வேலையை மட்டும் தயவுசெய்து செய்ய வேண்டாம். தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று நம்பி, குஞ்சுகளுக்கு இரை தேட வேண்டிய நேரத்தை அது சண்டைக்குச் செலவிடும்.

கூடுகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உலகின் பல பகுதிகளில் கோடை கூடும் குஞ்சுமான காலம். நீங்கள் நெருங்கியதும் தாய் எழுந்து பறந்தால், நேர்வெயிலில் கிடக்கும் முட்டை சில நிமிடங்களிலேயே சூடேறிவிடும். தரையில் முட்டையிடும் ஆள்காட்டியும் உப்புக்கொத்தியும் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும் அளவுக்கு வெயில் அவற்றுக்குப் பகை. ஒரு பறவை உங்களைச் சுற்றிச் சுற்றிக் கத்தினாலோ, இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்து நடந்தாலோ, கூடு காலடியில் இருக்கிறது என்று பொருள். வந்த வழியே, காலடி பார்த்துத் திரும்புங்கள். இறகு முளைத்து, பறக்கத் தெரியாமல் தரையில் தத்துகிற குஞ்சைக் கண்டால் எடுக்காதீர்கள். பெற்றோர் அருகில்தான் இருக்கும். பூனையோ வண்டியோ வரும் இடமென்றால் பக்கத்துப் புதரில் எடுத்து வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை.

நீங்கள் போவது கடலோரமானால், ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து திரும்பத் தொடங்கும் கரைப்பறவைகளான உள்ளான்களையும் மூக்கன்களையும் சேற்றுத் திட்டுகளில் பாருங்கள். 2022இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு ஏறக்குறைய 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்த பட்டைவால் மூக்கன், பிறந்து 5 மாதமே ஆன இளம்பறவை. சேற்றில் அலகைக் குத்திக்கொண்டிருக்கும் ஒரு சாம்பல்நிறப் பறவையைக் காட்டி இதைச் சொன்னால் பிள்ளைகளின் பார்வையே மாறும்.

ஜீப் பயணத்துக்கு வருகிறேன். வண்டி ஓடிக்கொண்டே இருந்ததுதான் சென்ற ஆண்டு நேர்ந்த குறை என்று நினைக்கிறேன். இந்த முறை முதல் வண்டியில் இடம் கேளுங்கள். ஓட்டுநரிடம் பணிவாக, பெரிய விலங்கு வேண்டாம், நீர்க்குட்டை அருகே எஞ்சினை அணைத்து 30 நிமிடம் நிறுத்துங்கள் என்று புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். நிமிர்ந்து நடக்கும் மனித உருவத்துக்கு மிரளுகிற பல விலங்குகள், அசையாமல் நிற்கும் வண்டிக்கு அவ்வளவாக மிரளுவதில்லை. கீழே மட்டும் இறங்கக் கூடாது. எஞ்சின் நின்றதும் காடு பேசத் தொடங்கும். மானும் குரங்கும் அணிலும் எழுப்பும் எச்சரிக்கைக் குரல்தான் ஊனுண்ணி நடமாடுவதைச் சொல்லும் செய்தி. கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகளை ஆராய்ந்த ராபர்ட் செய்ஃபார்த், டாரதி செனி, பீட்டர் மார்லர் ஆகியோர் 1980இல் ஒன்றை வெளியிட்டார்கள். அக்குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல் வைத்திருந்தன. சிறுத்தைக் குரலை ஒலிபெருக்கியில் கேட்டவை மரத்துக்கு ஓடின. கழுகுக் குரலுக்கு அண்ணாந்து பார்த்தன. பாம்புக் குரலுக்குப் புல்லைக் குனிந்து பார்த்தன. ஆகவே குரங்கு கத்தினால் முதலில் குரங்கைப் பாருங்கள். அது எங்கே பார்க்கிறதோ அங்கே உங்கள் பைனாகுலரைத் திருப்புங்கள்.

விலங்கே வராவிட்டாலும் மண்ணில் அதன் எழுத்து இருக்கும். பூனைக் குடும்பத்தின் தடத்தில் நான்கு விரல்கள் பதியும், நகம் பதியாது. நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பவை அவை. நாய்க் குடும்பத்தில் நகம் பதியும். சிவிங்கிப்புலி (சீட்டா) இதற்கு விலக்கு, பூனையாக இருந்தும் நகம் பதிக்கும். தங்குமிடத்தைச் சுற்றியுள்ள புழுதியை மாலையில் கையால் சமன்செய்து வைத்துவிட்டு விடியலில் போய்ப் பாருங்கள். இரவில் யார் வந்தார்கள் என்று உங்கள் பையன் படித்துச் சொல்வான். எனக்குத் தெரிந்து பிள்ளைகளை இதைவிட வேகமாகப் படுக்கையிலிருந்து எழுப்பும் உபாயம் வேறில்லை.

கடைசியாக, ஆந்தை. காட்டின் நடுவே போய்த் தேட வேண்டாம். வயல் ஓரங்கள், பழைய கட்டடங்கள், பொந்துள்ள பெரிய மரங்கள் போதும். வெண்கூகை இனங்கள் அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் வாழ்கின்றன, மனிதக் குடியிருப்புகளுக்கு அருகிலும்தான். பகலில் நான்கைந்து வகைச் சிறு பறவைகள் ஒரே மரத்தின் ஒரே கிளையைப் பார்த்துக் கரகரத்த குரலில் விடாமல் கத்தினால், அங்கே பாம்போ ஆந்தையோ இருக்க வாய்ப்பு அதிகம். அருகே போகாமல், தண்டை ஒட்டிய நிழலைப் பைனாகுலரில் அங்குலம் அங்குலமாகத் தேடுங்கள். கிளை வடிவத்தைத் தேடாமல் கண் வட்டத்தைத் தேடச் சொல்லுங்கள் பெண்ணை. இன்னொரு துப்பு தரையில் கிடக்கும். வெள்ளை எச்சம் தெறித்த மரத்தடியில், சாம்பலும் கறுப்புமாக விரல் பருமனில் உருண்டைகள் இருந்தால், அவை ஆந்தை விழுங்கிய இரையில் செரிக்காத மயிரும் எலும்பும் சேர்ந்து வாய்வழி வெளிவந்தவை. பாதுகாக்கப்பட்ட காட்டிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். தங்குமிடத்து மரத்தடியில் கிடைத்தால் கையுறை போட்டு, வெந்நீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரிக்கலாம். எலியின் தாடை எலும்பு பல்லோடு முழுசாகக் கிடைக்கும்.

மரம் தெரிந்துவிட்டால், சூரியன் மறைவதற்குக் கால் மணி முன்பு 30 அடி தள்ளி எல்லாரும் உட்காருங்கள். விளக்கு வேண்டாம், அவசியமானால் டார்ச்சின் மேல் சிவப்புத் தாள் சுற்றித் தரையை நோக்கி மட்டும் பிடியுங்கள், கண்ணில் அடிக்கக் கூடாது. வானம் இன்னும் வெளுத்திருக்கும்போதே, சத்தமே இல்லாமல், அது பொந்திலிருந்து வெளியே வந்து கிளையில் அமரும். பெண்ணை முன்னால் உட்காரவையுங்கள்.